பாயிரம் எழுப்பிய பதினொரு கேள்வி

ஒரு நூலைத் தொடுமுன் அதன் பாயிரத்தைப் படி என்பது பழைய தமிழாசிரியர்களின் கட்டளை. பாயிரம் என்றால் வாழ்த்தும் புகழும் என்று எண்ணி அதைத் தாண்டிப் போவது இன்றைய வழக்கம். ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்ற சிற்றரசனின் ஆதரவில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், சிறப்புப் பாயிரத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டுச் செய்திகளை வகுத்திருக்கிறார். செய்தவர் பெயர், அவர் எந்த நூலின் வழியில் செய்தார், நூல் வழங்கும் எல்லை, நூலின் பெயர், அது சுருக்கமா விரிவா மொழிபெயர்ப்பா, பேசும் பொருள், யார் கேட்பதற்காக, கேட்டால் என்ன பயன். எழுதிய காலம், அரங்கேறிய களம், எழுதத் தூண்டிய காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு. இந்தப் பாயிரத்தை நூலாசிரியரே எழுதிக்கொள்ளக் கூடாது. அவருடைய ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர் ஆகியோரில் ஒருவர்தான் எழுத வேண்டும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதிய பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்கு முன் அந்நூல் அரங்கேறியது என்று சொல்வதும் இந்த முறைப்படிதான். யார் சோதித்தார், எங்கே சோதித்தார் என்பது நூலின் நெற்றியிலேயே எழுதப்பட்டது. தன் சரக்குக்குத் தானே நற்சான்று எழுதிக்கொள்வது அன்று கேலிக்குரியது. இன்று அதற்கு விளம்பரம் என்று பெயர்.

சிறுவர்களுக்கு ஊடகத்தை எடைபோடக் கற்றுத்தர வேண்டும் என்று உலகம் முழுவதும் இப்போது பேசுகிறார்கள். அதற்காகத் தயாரிக்கப்படும் பாடங்களை எடுத்துப் பாருங்கள். யார் சொன்னார், எங்கிருந்து எடுத்தார், யாரை நோக்கிச் சொல்கிறார், சொல்வதால் யாருக்கு என்ன லாபம், எப்போது சொன்னது என்ற கேள்விகளே திரும்பத் திரும்ப வரும். பவணந்தியார் அவற்றை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கையில் வைத்திருக்கிறார். அப்படியானால் நம்மிடம் கருவி இருந்தது. யாரிடம் கொடுத்தோம், யாரிடம் கொடுக்கவில்லை என்பதுதான் இங்கே விசாரிக்க வேண்டிய சங்கதி. தமிழர்களின் இருநூறு ஆண்டு வாசிப்பு வரலாற்றைப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு புது ஊடகம் வந்தபோதும் பெரியவர்கள் பிள்ளைகளின் கையில் ஒரு பட்டியலைத் திணித்தார்கள். இதைப் படி, இதைப் படிக்காதே. இதைப் பார், இதைப் பார்க்காதே. பட்டியல்கள் ஒவ்வொன்றும் காலாவதியாயின. கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்த சில அபூர்வமான முயற்சிகளே பலன் தந்தன.

திண்ணைப் பள்ளிப் பிள்ளையிடம் பாயிரக் கேள்விகள் போய்ச் சேரவில்லை. மணலில் எழுத்து, பிறகு அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு என்று படிகள் இருந்தன. நன்னூல் என்பது மேற்கொண்டு ஒரு புலவரைத் தேடிப் போய்ப் பாடம் கேட்கும் சிலருக்கானது. இதைக் கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஓலைச்சுவடி அரிதான பொருள். யாரோ ஒருவர் நாட்கணக்கில் எழுத்தாணி பிடித்தால்தான் ஒரு படி கிடைக்கும். அவ்வளவு உழைப்பைத் தாண்டி வந்த ஏடு ஏற்கனவே சலிக்கப்பட்ட ஏடு. அதிலும் எந்த ஏட்டை அவிழ்ப்பது என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் தேர்வு செய்யும் திறனைக் கற்பிக்க யாருக்கும் தோன்றாது. வாத்தியார் என்ற சல்லடையை நம்பியே அந்த ஏற்பாடு முழுவதும் நின்றது.

1835-இல் அச்சகச் சட்டம் தளர்ந்து, இந்தியர்கள் சொந்தமாக அச்சகம் வைத்துக்கொள்ளலாம் என்றானதும் அந்தச் சல்லடை கிழிந்தது. அச்சு பெருகியதும் என்ன நடந்தது என்பதற்கு, அந்தச் சட்டம் எட்டாத யாழ்ப்பாணமே சரியான உதாரணம். அமெரிக்க மிஷனின் பள்ளிகளும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே பரவின. 1841-இல் உதயதாரகை பத்திரிகை வந்தது. எதிர்ப்பக்கத்தில் ஆறுமுக நாவலர் 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார், அச்சுக்கூடம் நிறுவினார், பிள்ளைகளுக்கென்றே பாலபாடம் வரிசையை எழுதினார். படிப்படியாகக் கனம் கூடும் பாடங்கள், பிழையில்லாத பதிப்பு, தெளிந்த உரைநடை என்று அந்த வரிசைக்குப் பெருமைகள் பல உண்டு. ஆனால் அந்த ஊர்ப் பிள்ளையின் இடத்திலிருந்து பாருங்கள். வரலாற்றில் முதல் முறையாக ஒரு தமிழ்க் குழந்தையைச் சுற்றி ஒன்றையொன்று மறுக்கும் இரண்டு அச்சடித்த உலகங்கள் நின்றன. மற்றவன் பிரசுரத்தை நம்பாதே என்று இரண்டும் சொல்லின. எதை வைத்து நம்புவது என்பதை இரண்டுமே சொல்லித்தரவில்லை. தங்கள் பட்டியலைத் தந்ததோடு நின்றுவிட்டன. அந்தக் காலத்துத் தமிழ்ப் புத்தகங்களின் முகப்பில் 'பிழையறப் பரிசோதித்து' என்றொரு வாசகம் தவறாமல் இருக்கும். நாவலர் பதிப்பில் அந்த வாசகத்துக்கு முழு மதிப்பு உண்டு. சந்தைக்கு வந்த மற்றப் பதிப்புகள் பலவற்றில் அது வெறும் சடங்கு. அரங்கேற்றத்தின் இடத்தில் ஒரு வரி அச்செழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது.

பிறகு வந்தது வெள்ளம். சென்னை குஜிலிக் கடைத்தெருவில் கால் அணாவுக்கும் அரை அணாவுக்கும் விற்ற பாட்டுப் புத்தகங்கள் கொலை, ரயில் விபத்து, வெள்ளம், பஞ்சம் என்று எது நடந்தாலும் சுடச்சுடப் பாட்டாக்கி முச்சந்தியில் பாடி விற்றன. எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகப் 'பெரிய எழுத்து' கதைப் புத்தகங்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் நாவல்கள் விற்பனையில் கொடிகட்டிப் பறந்தன. படித்த வட்டாரங்கள் அலறின. நாவல் படித்தால் பெண்களும் இளைஞர்களும் கெட்டுப்போவார்கள் என்று பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. இதில் ஒரு வேடிக்கை உண்டு. துப்பறியும் கதை என்பதே சாட்சியை நம்பாதே, தடயத்தைப் பார் என்று வாசகனுக்குப் பழக்கும் கதை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனிடம் ஒரு பிள்ளை கற்றிருக்கக் கூடிய சந்தேகப் புத்தி, அதே நாளில் விற்ற நீதிபோதனைப் புத்தகங்கள் பலவற்றில் கிடைத்திருக்காது. தடுத்தவர்கள் கதையைத் திறந்தே பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது.

சினிமாவின் கதை இதைவிடக் கூர்மையானது. 1927-இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த இந்திய சினிமா விசாரணைக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். ஊர் ஊராகப் போய் நூற்றுக்கணக்கானவர்களின் சாட்சியத்தைக் கேட்டது அந்தக் குழு. சினிமா பிள்ளைகளை என்ன செய்கிறது என்ற கேள்வியும் அதில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் சட்டம் திருத்தப்பட்டு, எல்லோருக்கும் உரியது 'யு', வயது வந்தோருக்கு மட்டும் உரியது 'ஏ' என்று சான்றிதழ் இரண்டாகப் பிரிந்தது. 1951-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மர்மயோகி' வெளிவந்தது. 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுதான். காரணம், படத்தில் பேய் வருகிறது. ஆனால் அந்தப் பேய் உண்மையில் பேயே இல்லை. செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய அரசர் உயிரோடு இருந்து ஆவியாக நடிக்கிறார். பேய் என்று கண்டு அஞ்சியது ஆள்தான் என்று திரையிலேயே விளங்கவைக்கும் ஒரு படத்தை, பேய் இருப்பதால் பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்றது பட்டியல். முத்திரை குத்துபவன் காட்சியை எண்ணுகிறான், கதையை எண்ணுவதில்லை. 'ஏ' என்ற எழுத்தைச் சுவரொட்டியில் பெரிதாகப் போட்டுக் கூட்டம் சேர்க்கும் வித்தையைப் பிற்காலத் தியேட்டர்காரர்கள் கற்றுக்கொண்டது தனிக் கதை. 1983-இல் 'யு/ஏ' சேர்ந்தது. இப்போது அதுவும் 7, 13, 16 வயது என்று மூன்றாகக் கிளைத்திருக்கிறது. சல்லடையின் கண்கள் நுணுக்கமாகிக்கொண்டே போகின்றன. சலிக்கும் கை மட்டும் இன்னும் வேறொருவருடையது.

படக்கதைகளின் மேலும் இதே பயம் பாய்ந்தது. அமெரிக்காவில் 1954-இல் காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டுப்பாட்டு விதி போட்டுக்கொண்டார்கள். பிரிட்டன் 1955-இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா அதை அடியொற்றி 1956-இல் இளைஞர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம் இயற்றியது. இருபது வயது நிரம்பாத எல்லோரும் அதன்படி இளைஞர்கள். குற்றம், வன்முறை, கொடூரம், அருவருப்பான சம்பவம் ஆகியவற்றைக் காட்டி, முழுமையாகப் பார்க்கையில் இளைஞரைக் கெடுக்கக் கூடிய கதை எதுவும் தீங்கான வெளியீடு. விற்றால் ஆறு மாதம் வரை சிறை. அந்த 'முழுமையாக' என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் பாரதமே உள்ளே போயிருக்கும்: துகிலுரிதல், தொடையைப் பிளத்தல், தூங்குபவர்களைக் கொல்லுதல் என்று அதில் இல்லாதது எது? சட்டம் ஏட்டில் இருந்தது. 1972-இல் சிவகாசியிலிருந்து 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் கிளம்பியபோது அந்தச் சட்டத்தை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தார்கள். பழைய புத்தகக் கடையிலும் வாடகை நூல் நிலையத்திலும் மாற்றிக்கொண்டார்கள். எந்தக் கதை நல்லது, எது பழைய கதையின் நகல், எந்த ஓவியம் சொதப்பல் என்று தங்களுக்குள்ளேயே தீர்ப்பும் எழுதிக்கொண்டார்கள். கண்காணிப்பு இல்லாத இடத்தில் விமர்சனம் தானாக முளைத்தது.

இந்த வரலாற்றில் பட்டியலை விட்டுவிட்டு வேறு வழி தேடிய ஒருவர் உண்டு. சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதப் பேராசிரியர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போய், அங்குள்ள பொது நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். 1931-இல் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. நூல்கள் பயன்பாட்டுக்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று தொடங்கும் அந்த விதிகளை இப்போது நூலகச் சுவர்களில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். அந்த மூன்றாவது விதியிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் முக்கியமானது. நூலுக்கு வாசகர் கிடைக்க வேண்டுமானால் அலமாரியைத் திறந்து வைக்க வேண்டும். சீட்டில் பெயர் எழுதிக் கொடுத்து, ஊழியர் எடுத்து வரும்வரை காத்திருக்கும் முறையில் வாசகர் ஏற்கனவே பெயர் தெரிந்த நூலைத்தான் கேட்க முடியும். திறந்த அலமாரியில் அவர் எடுக்கிறார், புரட்டுகிறார், பிடிக்காவிட்டால் வைக்கிறார். தவறான நூலை எடுத்துத் திருப்பி வைக்கும் அந்த உரிமை சிறிய விஷயமாகத் தோன்றும். தேர்வு செய்யும் பழக்கம் அதில்தான் பிறக்கிறது. அதே 1931-இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வடிவமைத்த மாட்டுவண்டி நூலகம் கிராமங்களுக்குள் புறப்பட்டது. 1948-இல் சென்னை மாகாணம் சுதந்திர இந்தியாவிலேயே முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது. அதற்குப் பின்னால் ரங்கநாதனின் இருபது ஆண்டுப் பிடிவாதம் இருக்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் சிறுவர் நூல்கள் பீரோவுக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தன. கிழித்துவிடுவார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். கணக்கெடுப்பில் குறைந்தால் ஆசிரியர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் வாசகர் என்ற ஆறாவது விதியை நடைமுறை எழுதிவிட்டது.

இன்னொரு முயற்சி அறிவியல் இயக்கத்திலிருந்து வந்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் 'துளிர்' சிறுவர் இதழைத் தொடங்கியது. ஊர்த் திடல்களில் 'மந்திரமா தந்திரமா' நிகழ்ச்சிகளை நடத்தியது. சாமியார் வரவழைக்கும் விபூதியை அதே மேடையில் வரவழைத்துக் காட்டி, எப்படி என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்ற பேச்சு தொலைபேசி வழியாகவே ஒரே நாளில் நாடு முழுவதும் பரவியது. அதை நம்பியவர்களில் பட்டதாரிகள் குறைவில்லை. இணையம் நம் வீடுகளுக்குள் வருமுன்னரே நடந்தது இது. வதந்திக்கு வாகனம் இரண்டாம்பட்சம். 'நீ பார்த்தாயா, யார் சொன்னது' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் இல்லாமைதான் முதல் காரணம். ஒரு கரண்டிப் பாலையும் ஒரு கல்லையும் கொடுத்தால் பத்து வயதுப் பிள்ளை வீட்டிலேயே சோதித்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பத்து வயது சரி. ஐந்து வயதுக் குழந்தைக்கு எடைபோடும் மூளை ஏது, அதற்குப் பட்டியல்தானே பாதுகாப்பு? நம் பாட்டிகள் இதை ஏற்கவில்லை. மரியாதைராமன் கதைகளை ஐந்து வயதில்தான் சொன்னார்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், யார் சொல்வது மெய், எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அந்தக் கதைகளின் உயிர். பஞ்சதந்திரத்தில் ஆட்டைத் தூக்கிப்போகும் பிராமணனை மூன்று திருடர்கள் தனித்தனியாக வழிமறித்து 'நாயையா சுமக்கிறீர்' என்று கேட்கும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1826-இல் தாண்டவராய முதலியார் பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடையில் பாடநூலாக்கியதற்கு வெகுகாலம் முன்பே அது வாய்வழி உலவிய கதை. ஒரே பொய்யை மூன்று பேர் சொன்னால் மெய்யாகத் தோன்றும் என்பதை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாடத்திட்டமும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு மொழியே பிள்ளைக்குச் சொல்லித்தருகிறது: கதை விடாதே, கயிறு திரிக்காதே, சினிமா வந்த பிறகு ரீல் விடாதே. ஊடகத்தின் பெயரையே பொய்க்குப் பெயராக்கிய மொழி நம்முடையது. அந்த 'ரீல்' இப்போது பன்மையாகி, கைப்பேசியில் மரியாதையோடு ஓடிக்கொண்டிருப்பது காலத்தின் குறும்பு. ஐந்து வயதுக் குழந்தைக்குப் பதினொரு கேள்வியும் வேண்டாம். யார் சொன்னது, எதுக்குச் சொன்னாங்க என்ற இரண்டு போதும். சோப்பு விளம்பரத்தை வைத்தே தொடங்கலாம்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. புத்தகமும் சினிமாவும் தேடிப்போனால்தான் கிடைத்தன. கைப்பேசியில் ஆபாசமும் வன்முறையும் தேடாமலே வந்து விழுகின்றன, இதில் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தால் வீடு எரிந்துவிடாதா? எரியும்தான். சிறு குழந்தைக்கு வேலி வேண்டும் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆத்திசூடியும் ஒரு வேலிதான். வேலி நிற்கும் காலத்துக்குள் உள்ளே என்ன பயிராகிறது என்பதுதான் என் வாதம். பதினெட்டாவது பிறந்தநாளில் எல்லா வேலியும் ஒரே நாளில் விலகுகிறது. அதுவரை ஒன்றையும் தானாக எடுத்துத் திருப்பி வைத்துப் பழகாதவர் அன்று என்ன செய்வார்? 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்து குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு முதிய பெண்ணைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி ஊரார் அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிய வதந்திதான் பின்னணி. அடித்தவர்கள் குழந்தைகள் அல்லர். எந்த வயதுக் கட்டுப்பாடும் அவர்களைத் தடுத்திருக்காது. எல்லாவற்றையும் சந்தேகிக்கப் பழகினால் பிள்ளை எதையுமே நம்பாமல் போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. பிராமணன் திருடர்களை நம்பியதோடு நிற்கவில்லை. தன் தோளில் கிடந்ததைத் தடவிப் பார்க்கவும் இல்லை. தடவிப் பார்க்கத் தெரிந்தவன் எல்லோரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. எதை நம்பலாம் என்பதும் அவன் விரலுக்குத் தெரிந்துவிடும்.

தடவிப் பார்க்கக் கற்பிப்பதைக் கேரளத்தில் செய்துகாட்டியிருக்கிறார்கள். 2017-இல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசிக்கு எதிராக வாட்ஸ்அப் வதந்திகள் கிளம்பின. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு அதே பீதி பரவி, முகாம்களை நீட்டிக்க வேண்டியிருந்தது. கண்ணூர் மாவட்ட நிர்வாகம் அதிலிருந்து பாடம் கற்று, 2018-இல் அரசுப் பள்ளிகளில் பொய்ச்செய்தியை இனம்காணும் வகுப்புகளைத் தொடங்கியது. இப்போது அந்த மாநிலத்தின் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களிலேயே அது இடம்பெற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் நிகழ்ந்தது வேறு வகை. பள்ளிக் கல்வித்துறை 2022-இல் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களைத் தொடங்கியது. மறு ஆண்டு வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்களை வகுப்பறைக்குள் கொண்டுபோனது. பீரோ சாவியின் ஆட்சியை அசைத்த காரியம் இது. குறையும் உண்டு. நூல்களுக்குப் படிநிலை போட்டவர்கள் பெரியவர்கள். பிடிக்காத புத்தகத்தைப் பிடிக்கவில்லை என்று பிள்ளை எழுதிவைக்க ஓர் இடம் இருந்தால் நன்றாக இருக்கும். பவணந்தியாரே ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டால்கூடக் கால் பங்குதான் தேறும் என்கிறார். உடன் படிப்பவரோடு பழகி இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்லி மீதி அரை. காமிக்ஸ் மாற்றிக்கொண்ட பிள்ளைகள் அந்த முக்கால் பங்கைத் தாங்களாகவே தேடிக்கொண்டவர்கள்.

2018-இல் வதந்தியால் நடந்த இத்தகைய கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் கைமாற்ற முடியாதபடி கட்டுப்பாடு போட்டது. கைமாறி வந்த செய்தி என்று காட்ட ஒரு சிறு குறியும், அடுத்த ஆண்டு பலமுறை கைமாறியது என்று காட்ட இரட்டை அம்புக்குறியும் வந்தன. இந்தக் கால நூலுக்கு இந்தக் காலம் எழுதிக்கொடுத்திருக்கும் பாயிரம் இவ்வளவுதான். பதினொரு கேள்வியில் 'வழி' என்ற ஒன்றுக்கு, அதுவும் பாதிதான், பதில் இருக்கிறது: எங்கிருந்து கிளம்பியது என்று அந்த அம்பு சொல்லாது, வெகுதூரம் வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லும்.